பதினாறில் வைத்த மோதிரம்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் நான் குடை பிடிக்கிற பையனாகச் சேர்ந்தது 1999ல். மழைக்குடை அல்ல, பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி விடுகிற வெள்ளைக்குடை. இரண்டு வருஷம் குடை பிடித்தபின் முதலாளி அண்ணன் ஒரு நாள் கேமராவைக் கையில் கொடுத்தார். நகைக்கடைக்காரர் ஒருவருக்கு நோட்டீஸ் அடிக்கப் படம் வேண்டும், மோதிரம் படச்சட்டம் நிறைய வர வேண்டும் என்றார்.

சின்னப் பொருளைக் கிட்டேயிருந்து எடுக்கிற மேக்ரோ லென்ஸ் எங்களிடம் இல்லை. 50 எம்எம் லென்சுக்கும் கேமரா பாடிக்கும் நடுவில் டியூப் மாட்டினேன், உள்ளே கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய். மூன்று டியூப் சேர்ந்து ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நீளம். மோதிரம் பிலிமில் அதே அளவுக்கு விழுந்தது. பிளாஷ் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை மோதிரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன், 16 காட்டியது. அது அபர்ச்சர் எண், அதாவது லென்சுக்குள் வெளிச்சம் நுழைகிற ஓட்டையின் அளவு; எண் கூடக் கூட ஓட்டை சிறிசு. லென்சிலும் 16 வைத்தேன். வியூஃபைண்டரில் ஒரே இருட்டு. மேசை விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துப் ஃபோகஸ் பார்த்துவிட்டு, அதை அணைத்துப் படமெடுத்தேன். அந்த இருட்டு எனக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. காதில் வாங்கவில்லை.

ஸ்லைடு பிலிம். கோயம்புத்தூரில் கழுவி வர நாலு நாள். வந்ததை விளக்குப்பெட்டியில் வைத்தால் மோதிரம் அடுப்புக்கரி போல இருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நான் சாதித்தேன். அண்ணன் சிரித்தார்.

"மீட்டர் பொய் சொல்லலை கண்ணு. நீதான் லென்சை எங்கியோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கறே."

அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்துச் சுவருக்குக் கிட்டே நின்று அடித்தார். பின்னால் நகர்ந்து மறுபடி அடித்தார். வட்டம் பெரிதானது, வெளிச்சம் வெளிறியது. அவ்வளவுதான் பாடம். லென்சில் பொறித்திருக்கும் 16 என்ற எண், தூரத்தில் இருக்கிற பொருளுக்குப் ஃபோகஸ் வைக்கும்போதுதான் சரி. கிட்டே வர வர இந்த மாதிரி லென்ஸ் முழுசாக முன்னால் நகர்கிறது. ஓட்டை அதே ஓட்டை, ஆனால் பிலிம் இரண்டு மடங்கு தூரத்தில். அதே வெளிச்சம் நாலு மடங்கு இடத்தில் பரவுகிறது. வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப், நாலில் ஒரு பங்கு என்றால் இரண்டு ஸ்டாப். நான் 16 என்று நினைத்து எடுத்தது நிஜத்தில் 32. மோதிரம் பிலிமில் பாதி அளவுக்கு விழுந்திருந்தால் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு இடத்தில் பரவி, ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும் போயிருக்கும். கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் இதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையில் பிடிக்கிற மீட்டருக்கு லென்ஸ் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

இந்தப் பாடம் புரிந்ததும் லென்ஸ் விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பு திருப்பூர் வரைக்கும்தான் வந்தது.

2011 வாக்கில் அங்கே பனியன் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைச் சட்டை, கழுத்தோரம் சின்னப் பட்டன். 1.4 வரைக்கும் திறக்கிற லென்ஸ், பட்டனில் குறிவைத்து 2.8ல் எடுப்பேன். மறுநாள் மெர்ச்சண்டைசர் பையன் போன் போட்டான்: "அண்ணா, துணி பளிச்சுனு இருக்குதுங், பட்டன்தான் மங்கலா இருக்குதுங்." வெளிநாட்டு பையர் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறாராம். ஆட்டோஃபோகஸ்தான் பழுது என்று சர்வீசுக்குக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பில்லோடு திருப்பித் தந்தார்கள்.

உண்மையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாமும் லென்ஸ் வழியாகவே பார்க்கிற எஸ்எல்ஆர் கேமரா ஃபோகஸ் பார்ப்பது அபர்ச்சர் முழுசாகத் திறந்திருக்கும்போது. நாம் 2.8 வைத்தாலும் 11 வைத்தாலும் படமெடுக்கிற பட்டனை அழுத்துகிற நொடி வரைக்கும் லென்ஸ் திறந்தேதான் இருக்கும், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டுமே. அழுத்திய பிறகுதான் அபர்ச்சர் தகடுகள் மூடும். இதில் சங்கதி என்னவென்றால், லென்சின் ஓரத்தில் நுழைகிற கதிர்களும் நடுவில் நுழைகிற கதிர்களும் ஒரே புள்ளியில் போய்ச் சேருவதில்லை. அபர்ச்சரை மூடினால் ஓரத்துக் கதிர்கள் அடைபடுகின்றன, மிச்சமிருக்கும் நடுக்கதிர்களின் கூர்மை கொஞ்சம் பின்னால் தள்ளி விழுகிறது. 8க்குப் போனால் கூர்மையாகத் தெரிகிற ஆழம் கூடிவிடுவதால் இது தெரியாது. 2.8, 4 இந்த இடைவெளியில்தான் வம்பு. பெரிய ஓட்டை உள்ள பழைய டிசைன் லென்ஸ்களில் இது அதிகம். அன்றிலிருந்து ஸ்டாண்டில் நிறுத்தி, பின்திரையில் படம் காட்டும் லைவ் வியூ போட்டு, தகடுகளை முன்கூட்டியே மூடிக் காட்டும் டெப்த் பட்டனை அழுத்தி, எடுக்கப்போகிற அபர்ச்சரிலேயே ஃபோகஸ் வைத்தேன். சர்வீஸ் பில் தொகையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வீடியோவுக்கு வந்தபின் இன்னொரு வேடிக்கை. கல்யாணத்தில் இணைச்சீர் சடங்கின்போது முன்னால் இருக்கிற சீர்க்கூடையிலிருந்து பின்னால் நிற்கிற மாப்பிள்ளையின் அக்கா முகத்துக்குப் ஃபோகஸை நகர்த்தினால் படமே மூச்சு விடுவதுபோல் விரியும், சுருங்கும். முழுசாக முன்னால் நகர்கிற லென்சில் கிட்டே வரும்போது சட்டம் இறுகும். உள்ளேயே கண்ணாடியை நகர்த்தும் ஜூம்கள் பலவற்றில் நேரெதிர். 200 எம்எம் என்று எழுதியிருப்பது கிட்டத்தில் 200 ஆக இருப்பதில்லை. சினிமா லென்ஸ்களில் இதை அடக்கியிருப்பார்கள், விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு நிற்கும். இப்போது சில மிர்ரர்லெஸ் பாடிகள் ஓரத்தை வெட்டி இதைச் சரிக்கட்டுகின்றன. கல்யாண வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பழைய 50 எம்எம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு மே மாதம் பவானி கூடுதுறையில் காருக்குள் வெயிலில் கிடந்ததிலிருந்து 8ல், 11ல் எடுக்கிற படமெல்லாம் வெளுத்துப் போனது. 1.8ல் மட்டும் கச்சிதம். முழுசாகத் திறந்து எடுக்கும்போது தகடுகளுக்கு வேலையே இல்லை, அதனால்தான். சூட்டில் இளகிய கிரீஸ் தகடுகளில் ஏறிவிட்டது. ஷட்டர் திறந்து மூடுவதற்குள் அவை வந்து சேருவதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனிடம் அதைக் கழற்றிக் காட்டினேன். பின்பக்கத்து லீவரைத் தள்ளிவிட்டால், சுண்டிவிட்டதுபோல் மூட வேண்டிய தகடுகள் கொடிவேரியில் பாசிப் பாறைமேல் கால் வைக்கிறவர் மாதிரி தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்தன. பையன் நாலைந்து தடவை தள்ளிப் பார்த்தான்.

"அண்ணா, இது இப்பத்தான் தூங்கி எந்திரிக்குதுங்."