கீழ் அடுக்கில் உட்கார்ந்திருந்தவர்கள்

ஏதென்ஸ் போய் வந்து ஒரு மாதம் ஆகிறது. பார்த்தெனான் கோயிலைப் பற்றி நிறைய பேர் எழுதியாயிற்று, எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டு வந்தது அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் உடைந்த கல். லெனோர்மான் புடைப்புச் சிற்பம் என்று அதற்குப் பெயர், கி.மு. 410 வாக்கில் செதுக்கியது. ஒரு போர்க்கப்பலின் நடுத்துண்டு மட்டும்தான் மிச்சம். வரிசையாகத் துடுப்பு வலிக்கும் ஆட்கள், முகமெல்லாம் தேய்ந்துவிட்டது, இருந்தாலும் உடம்பைச் சாய்த்து இழுக்கும் அந்த இழுப்பு கல்லில் அப்படியே இருக்கிறது. கூட வந்த அண்ணன் மகள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "துடுப்பு மூணு வரிசைன்னு சொன்னீங்க, ஆளு ஒரு வரிசைதானே தெரியுது. மத்தவங்க எங்க சித்தப்பா?"

மற்றவர்கள் கப்பலுக்குள்ளே இருக்கிறார்கள். ட்ரைரீம் என்கிற அந்தக் கப்பலில் துடுப்பு வலிக்க மட்டும் 170 பேர். மேல் அடுக்கில் 62, நடுவில் 54, அடியில் 54. அடி அடுக்குக்காரர்களின் துடுப்புத் துளை தண்ணீருக்குச் சற்றே மேலே இருக்கும், அலை உள்ளே வராமல் தோலால் உறை போட்டுக் கட்டியிருப்பார்கள். அவர்களுக்குக் கடலும் தெரியாது, எதிரியும் தெரியாது. சினிமாவில் காட்டுகிற மாதிரி சங்கிலியால் கட்டிய அடிமைகள் என்றுதான் நானும் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதென்ஸ் கப்பல்களில் பெரும்பாலும் கூலி வாங்கிக்கொண்டு வலித்த சுதந்திரமான ஆட்கள்தான், அதிலும் ஏழைக் குடிமக்கள் ஏராளம். காலாட்படையில் சேர வேண்டுமென்றால் கேடயம், ஈட்டி, தலைக்கவசம் எல்லாம் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அதற்கு வழியில்லாதவனிடம் இருந்தது கையும் முதுகும்தான், கப்பலுக்கு அது போதும்.

கி.மு. 483-இல் ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியான் சுரங்கத்தில் வெள்ளி நிறையக் கிடைத்தது. தலைக்குப் பத்து டிராக்மா பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தபோது, வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்று ஊர்ச்சபையைச் சம்மதிக்க வைத்தவர் ஏதென்ஸ் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டோக்ளிஸ். மூன்றே வருடத்தில் பாரசீக மன்னர் செர்க்ஸஸ் படையோடு வந்து ஏதென்ஸைக் கொளுத்தினார். ஊர் மக்கள் அதற்கு முன்பே சலாமிஸ் தீவுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள நீரிணையில்தான் கிரேக்கக் கப்பல்கள் பாரசீகக் கடற்படையைத் தோற்கடித்தன. அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று மறுநாள் கிளம்பினோம். பிரேயஸ் துறைமுகம் வரை மெட்ரோ, அங்கிருந்து பெராமாவுக்குப் பேருந்து, அப்புறம் கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய படகு. கால் மணி நேரப் பயணம்தான். சுற்றிலும் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள், துருப்பிடித்த கிரேன்கள், டீசல் வாடை. ஏமாற்றமாக இருக்குமோ என்று நினைத்தேன், இல்லை. எதிர்க்கரை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! இந்தச் சந்துக்குள் பாரசீகர்களின் பெரிய கடற்படை நுழைந்தால் என்ன ஆகும் என்பது படகின் மேல்தளத்தில் நின்ற அந்த நிமிடமே புரிந்துவிட்டது. நெருக்கியடித்துத் திரும்ப இடமில்லாமல் ஒன்றோடொன்று மோதியிருக்கும். பெராமா பக்கத்து ஐகாலியோ மலைச்சரிவில் உட்கார்ந்து செர்க்ஸஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கில் ஏதென்ஸ் கொண்டுவந்தது 180 கப்பல். பெருக்கிப் பாருங்கள், துடுப்பு வலித்தவர்கள் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல்.

ஊரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு சபையில் ஏழைகளின் குரலை ஒதுக்குவது யாருக்கும் அவ்வளவு சுலபமாக இல்லை. ஜெயித்துக் கொடுத்த தெமிஸ்டோக்ளிஸையே பத்து வருடத்துக்குள் ஓட்டுப் போட்டு நாடு கடத்தினார்கள். அகோரா அருங்காட்சியகத்தில் அந்த ஓட்டுக்குப் பெயர் கீறிய ஓட்டாஞ்சில்லுகள் இருக்கின்றன, உள்ளங்கையில் அடங்கும் உடைந்த பானைத் துண்டுகள், அதில் கீறிய எழுத்து: நெயோக்ளிஸ் மகன் தெமிஸ்டோக்ளிஸ். அக்ரோபோலிஸ் வடசரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயர் போட்ட சில்லுகள் 190 கிடைத்தன, எழுதிய கைகள் பதினான்குதான். யாரோ முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு விநியோகித்திருக்கிறார்கள்!

கடைசி மாலை பினிக்ஸ் குன்றுக்கு ஏறினோம். சபை கூடிய இடம் இதுதான். பாறையில் வெட்டிய மேடை பிற்காலத்தியது, குன்று அதே குன்று. முக்கியமான சில முடிவுகளுக்கு 6,000 பேர் வந்தாக வேண்டும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறி வந்தவர்களுக்கும் இங்கே இடமில்லை, என் பக்கத்தில் நின்ற பெண் அன்றைக்கு இந்தக் குன்றில் கை தூக்கியிருக்க முடியாது.

கி.மு. 427-இல் மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றது. அங்குள்ள ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல சபை முடிவெடுத்தது. உத்தரவோடு ஒரு கப்பல் கிளம்பிப் போயும்விட்டது. மறுநாள் ஊரே மனசு கேளாமல் மறுபடி கூடியது, கிளியோன் கொல்லத்தான் வேண்டும் என்றார், டியோடோட்டஸ் வேண்டாம் என்றார், கை தூக்கியதில் கிட்டத்தட்டச் சரிபாதி, மயிரிழையில் டியோடோட்டஸ் ஜெயித்தார். உடனே இரண்டாவது கப்பல். முதல் கப்பல் ஒரு பகலும் இரவும் முந்தியிருந்தது. இரண்டாவது கப்பல்காரர்கள் வலித்துக்கொண்டே வாற்கோதுமை மாவை ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்து சாப்பிட்டார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பல்காரர்களோ அந்த வேலைக்குப் போக மனமில்லாமல் மெதுவாகப் போனார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். தளபதி உத்தரவைப் படித்து முடித்து நிறைவேற்றப் போகும் நேரத்தில் இரண்டாவது கப்பல் வந்து சேர்ந்தது. கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொன்றார்கள், நகரம் பிழைத்தது.

"ரெண்டு கப்பல்லயும் கீழ் அடுக்குல இருந்தவங்க பேரு ஒண்ணாவது எழுதி வச்சிருக்காரா சித்தப்பா?"

"இல்லம்மா."

பதினொரு வருடம் கழித்து மிலோஸ் தீவைப் பிடித்தபோது கையில் சிக்கிய வளர்ந்த ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அந்த முறை பின்னாலேயே ஒரு கப்பல் போகவில்லை. மறுநாள் காலை மிலோஸுக்குப் போக எடுத்த டிக்கெட் இரண்டும் அவள் பையில் இருந்தன, எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.