பழைய பிக்கப்ல இக்னிஷன் சிலிண்டர் மாத்தின கதை

பழைய பிக்கப் வச்சிருக்கவங்க நிறைய பேருக்கு இந்தத் தொல்லை தெரியும். சாவி உள்ள போகும் ஆனா திரும்பாது, கொஞ்சம் வெளிய இழுத்து ஆட்டி, ஸ்டியரிங்கை இப்படி அப்படி அசைச்சா எங்கயோ ஒரு இடத்துல பிடிச்சு திரும்பிடும். வயசான வண்டின்னா அப்படித்தான்னு விட்டுடறோம். என் வண்டில எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே சாவிய கையோட உருவ முடிஞ்சுது, அதைப் பாத்ததும் இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கணும், சிலிண்டர் வேற ஸ்விட்ச் வேற. சாவி போடற இடத்துல இருக்கறது சிலிண்டர், அது வெறும் பூட்டு, அதுல கரண்ட் எதுவும் போகாது. கரண்ட்டை ஆன் ஆஃப் பண்றது ஸ்விட்ச், நிறைய பழைய வண்டில அது ஸ்டியரிங் காலம்ல, அதாவது ஸ்டியரிங் வீலைத் தாங்கற தண்டுல, கொஞ்சம் கீழ தள்ளி தனியா இருக்கும், நடுவுல ஒரு கம்பி ரெண்டையும் சேர்க்கும். சாவி வழுவழுன்னு திரும்புது ஆனா டாஷ்போர்டு லைட் விட்டு விட்டு எரியுதுன்னா ஸ்விட்ச் மேலதான் முதல் சந்தேகம் வரணும். சாவியே திரும்பலன்னா சிலிண்டர், இல்லன்னா சாவி. ஆமா, சாவியும் தேயும்! காப்பிக்கு காப்பி எடுத்து எடுத்து வெட்டு மழுங்கிப் போயிருக்கும், உள்ள இருக்கற சின்ன சின்ன தகடுங்க சரியான உயரத்துக்கு வராது. அதனால பெட்டிக்குள்ள தூங்கற ஸ்பேர் சாவிய முதல்ல போட்டுப் பாருங்க, அதுல நல்லா திரும்பிச்சுன்னா சிலிண்டர் செலவே மிச்சம்.

வேலைன்னு பாத்தா முதல்ல பேட்டரி நெகட்டிவ் கழட்டணும். ஏர்பேக் இருக்கற வண்டின்னா மேனுவல்ல சொல்ற நேரம் வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறம்தான் ஸ்டியரிங் காலம் பக்கம் கை வைக்கணும், இதுல அவசரமே வேண்டாம். அப்புறம் பிளாஸ்டிக் கவர். 80, 90-கள்ல வந்த நிறைய ஃபோர்டு பிக்கப்ல சாவிய ரன் பொசிஷனுக்கு, அதாவது எஞ்சின் ஓடும்போது சாவி நிக்கற இடத்துக்கு திருப்பி, ஸ்டியரிங் காலம் அடியில இருக்கற சின்ன ஓட்டைல 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு கம்பிய விட்டு சிலிண்டரைப் பிடிச்சிருக்கற பின்னை அமுக்கினா சிலிண்டர் அப்படியே வெளிய வந்துடும். அதே வருஷங்கள்ல வந்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிங்கள்ல நிறைய மாடலுக்கு இது பெரிய வேலை, ஸ்டியரிங் வீலையே கழட்டி, லாக் பிளேட்டை (ஸ்டியரிங்கைப் பூட்டற தகடு) அமுக்கற டூல் வச்சு கிளிப் எடுத்து, டர்ன் சிக்னல் ஸ்விட்ச்சை நகர்த்தினாதான் சிலிண்டரைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூவே கண்ணுல படும். அதனால உங்க வருஷத்து மேனுவலைப் பாக்காம தொடங்காதீங்க.

சாவி சுத்தமா திரும்பலன்னா பலம் காட்டாதீங்க, பாதி சாவி உள்ளயே ஒடிஞ்சு நின்னுடும். பூட்டு வேலை தெரிஞ்சவரு கருவி வச்சே திருப்பிக் கொடுத்துடுவாரு. அதுவும் நடக்கலன்னா டிரில் போடறதுதான் வழி, ஆனா அந்த இரும்புத் தூள் ஸ்டியரிங் காலம் உள்ள விழாம பாத்துக்கணும்.

புதுசைப் போடும்போது பழசு எந்த பொசிஷன்ல வெளிய வந்துச்சோ அதே பொசிஷன்லதான் உள்ள போகணும், இல்லன்னா கியர் பல்லு மாறி உக்காந்து எல்லா பொசிஷனும் தள்ளிப் போயிடும். பின் டக்குன்னு விழுந்ததும் லேசா இழுத்துப் பாக்கணும். கவர் மாட்டறதுக்கு முன்னாடியே எல்லாம் செக் பண்ணிடுங்க, ஸ்டார்ட் விட்டதும் சாவி தானா ரன்னுக்கு திரும்பி வருதா, ரன்ல இருக்கும்போது உருவ முடியாம நிக்குதா, சாவிய எடுத்ததும் ஸ்டியரிங் லாக் ஆகுதா, ஆட்டோ கியர்னா பார்க்லயும் நியூட்ரல்லயும் மட்டும் ஸ்டார்ட் ஆகுதா. எனக்கு இந்த செக் பண்றதுதான் முழு வேலையிலயும் முக்கியமான கட்டம், உயிர் சம்பந்தப்பட்டது.

சாவி போடற ஓட்டைல எண்ணெய் விடாதீங்க, தூசியப் பிடிச்சு பசையாயிடும், கிராஃபைட் பவுடர் கொஞ்சம் போதும். சாவில சிப் இருக்கற மாடல்னா புது சாவிய வண்டிக்கு ப்ரோகிராம் பண்ணாம எஞ்சின் ஓடாது, அதை முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க.

அப்புறம் கதவு சாவி. புது சிலிண்டரோட வர்ற சாவி கதவுக்குப் பொருந்தாது, ரெண்டு சாவி சுமக்கணும். எனக்கு அதுல மனசு ஒப்பல. தேஞ்ச சாவிய காப்பி எடுக்காம, வண்டியோட கீ கோட் (சாவி வெட்டு எப்படின்னு சொல்ற குறியீடு) சொல்லி புதுசா ஒண்ணு வெட்டி, அதுக்கு ஏத்த மாதிரி புது சிலிண்டருக்குள்ள தகடுங்கள மாத்தி அடுக்கச் சொல்லிட்டேன். கதவுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இப்ப ஒரே சாவிதான்.