பி.காம்., எல்எல்.பி.: சேரும் முன் போட வேண்டிய கணக்கு

ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கு சி.ஏ.வா, வக்கீலா என்று வீட்டில் பேச்சு ஓடும்போது, "ரெண்டையும் சேர்த்தே படிக்கலாமே" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். படிக்கலாம்தான். ஆனால் ஐந்து வருட பி.காம்., எல்எல்.பி. என்பது சி.ஏ.வும் சட்டமும் கலந்த படிப்பு அல்ல. அது ஒரு காமர்ஸ் பட்டமும் ஒரு சட்டப் பட்டமும் சேர்ந்தது, அவ்வளவே. சி.ஏ. வேண்டுமென்றால் அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

டெல்டா பக்கம் இதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சை–திருச்சி சாலையில் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சியை ஒட்டி நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். பின்னதற்கு கிளாட் என்ற தேசிய சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்: 2 மணி நேரம், 120 கேள்வி, தவறான விடைக்கு 0.25 கழியும். காமர்ஸ் மாணவர்கள் கணக்குப் பகுதியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அது பத்தாம் வகுப்புத் தரம்தான். உண்மையில் கவிழ்ப்பது ஆங்கிலப் பத்தி. எல்லாப் பகுதிக்கும் ஒரு பத்தியைப் படித்துத்தான் விடை சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அங்கேதான் நேரம் போய்விடும். ப்ளஸ் ஒன்னிலேயே தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படிக்க ஆரம்பித்தால் தேறலாம்.

அடுத்து வருகைப் பதிவு. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். ஹானர்ஸ் படிப்பென்றால் வாரம் 36 மணி நேர வகுப்பு, அதாவது ஆறு நாளும் ஆறு மணி நேரம். ஆடிட்டரிடம் பெற வேண்டிய சி.ஏ. பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்போ இப்போது இரண்டு வருட முழுநேர வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. "காலேஜ்ல பார்த்துக்கலாம், ஆடிட்டர் நம்ம சொந்தக்காரர்தான்" என்ற தைரியத்தில் சேர்ந்தால் ஒரு பக்கம் வருகை குறையும், இன்னொரு பக்கம் பயிற்சியே செல்லாமல் போகும்.

ஆனால் தேர்வுகளை இடையில் எழுதிவிடலாம். சி.ஏ.வின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனும் அடுத்ததான இன்டரும் ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடம் மூன்று முறை வருகின்றன. மே முயற்சி செமஸ்டர் தேர்வோடு முட்டும். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் முடிகிற கல்லூரியாக இருந்தால் ஜனவரிதான் தோதானது. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இன்டரில் மொத்தம் ஆறு பேப்பர்; முதல் குரூப்பில் கம்பெனிச் சட்டமும் வரிச் சட்டமும் இருப்பதால் சட்ட மாணவருக்கு அது கொஞ்சம் இறக்கமான பாதை. இரண்டு குரூப்பையும் ஐந்தாம் வருடத்துக்குள் முடித்துவிட்டால் பட்டம் வாங்கிய கையோடு ஆர்டிகிள்ஷிப்புக்குப் போகலாம்.

சி.ஏ.தான் முதல் ஆசை என்றால் ஐந்து வருடப் படிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஷிஃப்ட் முறையில் நடக்கும் கலைக்கல்லூரியில் பி.காம். சேர்ந்து, மீதி அரை நாளை சி.ஏ.வுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்எல்.பி. படிப்பது மேல். காமர்ஸ் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டருக்குப் பதிவு செய்யலாம். ஒரு எச்சரிக்கை: ப்ளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை வைத்து எல்எல்.பி. சேர முடியாது.

சரி, இந்த இரட்டைப் படிப்பால் என்ன லாபம்? கணக்கும் சட்டமும் ஒன்றையொன்று தொடுகிற இடங்கள்தான். பாடத்திட்டம் அவற்றைத் தனித்தனி செமஸ்டரில் போட்டிருக்கும். நாமாகத்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ப்ளஸ் டூ கணக்குப்பதிவியலில் கூட்டாளிகளுக்குள் ஒப்பாவணம் (ஒப்பந்தப் பத்திரம்) இல்லையென்றால் லாபம் சமம், முதலுக்கு வட்டி கிடையாது, கடனுக்கு 6 சதவீதம் என்று மனப்பாடம் செய்தது 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு. கார்னர் எதிர் முர்ரே விதி என்று பி.காமில் வருவது 1904-இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மன்னார்குடிப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரைஸ் மில் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபம் சமம். முதலாமவர் போட்ட முதலீடு 6 லட்சம், இரண்டாமவருக்கு 3 லட்சம், மூன்றாமவர் கணக்கில் 90,000 பற்று, அதாவது அவர் நிறுவனத்துக்குத் தர வேண்டியது. வெளிக்கடன் எதுவும் இல்லை. மில்லை விற்றதில் 3 லட்சம் நஷ்டம். ஆளுக்கு 1 லட்சம். மூன்றாமவர் ஆக மொத்தம் 1,90,000 தர வேண்டும். அவர் நொடித்துப்போய் 40,000 மட்டும் கட்டினால் 1,50,000 துண்டு விழும். கார்னர் எதிர் முர்ரே விதிப்படி மற்ற இருவரும் தங்கள் நஷ்டப் பங்கைப் பணமாகக் கொண்டுவந்த பிறகு, இந்தத் துண்டை முதலீட்டு விகிதத்தில் 1,00,000, 50,000 என்று ஏற்க வேண்டும். லாப விகிதத்தில் பிரித்தால் ஆளுக்கு 75,000 ஆகியிருக்கும். கணக்கு மாணவர் இத்தோடு பேனாவை மூடிவிடுவார்.

சட்ட மாணவர் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். கலைக்கப்பட்ட நிறுவனத்தின் கணக்குத் தீர்ப்பைச் சொல்லும் 48-வது பிரிவு, கூட்டாளிகளின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. பத்திரத்தில் வேறு விகிதம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அடுத்த கேள்வி, நிறுவனம் பதிவானதா? பதிவாகாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது 69-வது பிரிவு. நெல் வியாபாரியிடம் நிற்கும் பாக்கி அப்படியே நின்றுவிடும். ஆனால் கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. தேர்வில் பலர் விலக்கை எழுதாமல் பாதி மதிப்பெண்ணோடு நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

சாட்சியச் சட்டத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. தொழிலில் ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகம் சாட்சியமாகும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது. பழைய சட்டத்தில் 34-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 28. உதிரித் தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகாது என்று வி.சி. சுக்லா வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். மண்டியில் துண்டுச் சீட்டில் எழுதும் வரவு செலவுக்கு எவ்வளவு மதிப்பு என்பது அப்போது புரியும். டேலி கணக்கு மென்பொருளில் எடுத்த பிரின்ட் என்றால் புதிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஏ பகுதியைத் தாக்கல் செய்பவரும் பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்க வேண்டும். சீனியர்களிடம் இருக்கும் பழைய சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் மாதிரியை அப்படியே நகலெடுத்தால் எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையை அங்கேதான் வைக்கும்.

புத்தகம் வாங்குவதிலும் கவனம். 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை முறை போய் ஒரே வரி ஆண்டு வந்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் 1961 சட்டப் புத்தகம் பழைய வழக்குகளுக்கு உதவும், தேர்வுக்கு உதவாது.

இன்டர்ன்ஷிப் ஐந்து வருடத்தில் மொத்தம் 20 வாரம். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. கடைசி வருடத்தில் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்ற திட்டம் இதனால்தான் பலிக்காது. மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. அப்போது சிவில் வக்கீலிடம் போனால் வழக்குக் கட்டுகளைத் தூசிதான் தட்டலாம். அந்த மாதம் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போங்கள். ஜி.எஸ்.டி. 11-ஆம் தேதி, 20-ஆம் தேதிக் கெடுக்களும் மே 31-க்குள் போட வேண்டிய டி.டி.எஸ். அறிக்கையும் சேர்ந்து வேலை குவிந்திருக்கும். ஆனால் பார் கவுன்சில் பட்டியலில் ஆடிட்டர் ஆபீஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 20 வாரத்தில் அது சேருமா என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வக்கீல்களிடம் ஒரு முறையாவது போயிருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. மேல்முறையீட்டுக்கு ஆள் தேடும்போது வரைபடத்தைப் பாருங்கள்: தஞ்சை, திருச்சி மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும், திருவாரூர், நாகை மாவட்ட வழக்குகள் சென்னைக்கு. கும்பகோணத்துக்காரருக்கு மதுரை, பக்கத்துக் குடவாசல்காரருக்குச் சென்னை.

பட்டம் வந்ததும் வக்கீலாகப் பதிவு. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு: 100 கொள்குறி வினா, பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம். குறிப்பு எழுதாத 'பேர் ஆக்ட்' (விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகம்) கையில் கொண்டுபோகலாம். வக்கீலாகப் பதிந்தபின் வேறு முழுநேரத் தொழில் கூடாது என்பதால், சி.ஏ.வும் முடித்தவர்கள் எந்தப் பலகையை வாசலில் மாட்டுவது என்று பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.