எழுபத்து மூன்றாம் கட்டத்தில் நின்ற 2

கட்டட வடிவமைப்புக் கணக்குகளைச் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, ஃபோர்ட்ரான் 77 என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரே துணைநிரல், மூன்று திட்டங்களின் கோப்புறைகளில் மூன்று பிரதிகளாகக் கிடந்தது. "இது எங்கிருந்து வந்தது சார்?" என்று மூத்த பொறியாளரிடம் கேட்டேன். "எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது. ஓடுகிறது, தொடாதீர்கள்" என்றார்.

ஆனால் ஒரே உள்ளீட்டுக்கு மூன்றில் ஒன்று மட்டும் வேறு விடை தந்தது.

இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அச்சிட்டு, அளவுகோலை வைத்து வரிவரியாக எழுத்துகளை எண்ணினேன். அட்டையில் துளையிட்டு நிரல் எழுதிய காலத்து வழக்கப்படி, ஃபோர்ட்ரான் 77-இல் ஒரு வரியின் 7 முதல் 72 வரையிலான கட்டங்களில்தான் (கட்டத்துக்கு ஓர் எழுத்து) கட்டளை இருக்க வேண்டும். அதற்கு அப்பால் எழுதியதை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் சத்தமில்லாமல் விட்டுவிடும். யாரோ பின்னாளில் சேர்த்த நீண்ட வரியில், டி12 என்ற மாறியின் 2 மட்டும் எழுபத்து மூன்றாம் கட்டத்தில் நின்றது. டி1 என்றும் ஒரு மாறி இருந்ததால் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கணக்கு மட்டும் தவறிக்கொண்டிருந்தது.

துணைநிரலின் பெயர் டிஜிஇஎஸ்வி. டி என்றால் இரட்டைத் துல்லியம், ஜிஇ பொதுவான அணி (வரிசைகளாக அடுக்கிய எண்கள்), எஸ்வி தீர்வு. ஃபோர்ட்ரான் 77-இல் பெயருக்கு ஆறு எழுத்துதான் என்பதால் வந்த சிக்கனம் இது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் லேபேக் என்ற கணிதத் துணைநிரல் தொகுப்பும், அது இருக்கும் நெட்லிப் என்ற இணையக் களஞ்சியமும் கிடைத்தன.

நெட்லிப்பைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. 1985-இல் ஜாக் டங்காராவும் எரிக் கிராஸும் தொடங்கியது அது. லேபேக்குக்கு முந்தைய தொகுப்பான லின்பேக்கிலிருந்து இன்ன துணைநிரலை அனுப்பு என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டால், அதுவும் அது அழைக்கும் மற்றத் துணைநிரல்களும் சேர்ந்தே பதிலாக வரும். சார்ந்தவற்றையும் உடன் அனுப்பும் அந்த அக்கறை, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் பயனர்கள் வைத்த சீடேன் களஞ்சியத்துக்கும் (1992), பெர்ல் மொழிக்காரர்களின் சீபேன் களஞ்சியத்துக்கும் (1995) முந்தியது. இப்படிச் சார்ந்தவற்றோடு நிரல்களை எடுத்துத் தரும் தொகுப்பு மேலாளர் என்ற மென்பொருள் ஃபோர்ட்ரானுக்கென்று வந்ததோ சில ஆண்டுகளுக்கு முன்புதான். இன்று பைத்தான் மொழியில் நம்பை என்ற கணக்கு நூலகத்தின் வழியே சமன்பாடு தீர்ப்பவர்களும் அடியில் லேபேக்கைத்தான் அழைக்கிறார்கள்.

மூலப் பிரதியைத் திறந்தபோதுதான் எங்கள் பிரதி இழந்தது எவ்வளவு என்று தெரிந்தது. நிரலைவிட நீண்ட குறிப்பு அதன் தலையில் இருந்தது. ஒவ்வொரு உள்ளீடும் என்ன, இன்ஃபோ என்ற மாறி பூச்சியமாக இருந்தால் என்ன பொருள், நேர்ம எண்ணாக வந்தால் அணியில் என்ன கோளாறு என்று, முகம் தெரியாத ஒருவருக்காகப் பொறுமையாக எழுதியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் யாரோ அவ்வளவையும் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பிழையைவிட இதுவே எனக்கு அதிகம் வலித்தது.

மூன்று பிரதிகளையும் நீக்கிவிட்டு, மூலத்தை ஒரே இடத்தில் வைத்தேன். எங்கிருந்து, எந்தப் பதிப்பு, எந்த நாளில் எடுத்தது என்று முதல் வரியில் எழுதினேன். மூத்தவர் அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, தன் பழைய கோப்புறைகளிலிருந்து இன்னும் நான்கு துணைநிரல்களை அனுப்பி, "இவற்றுக்கும் மூலம் தேடுங்கள்" என்று எழுதியிருந்தார்.