11ஆம் அலைவரிசை இல்லாத சனிக்கிழமை

2021 அக்டோபர் 6, புதன்கிழமை மாலை, ஹூஸ்டனை அடுத்த கேட்டி நகரில் உள்ள எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் 11ஆம் அலைவரிசையில், சி.பி.எஸ். என்ற தேசிய வலையமைப்பின் செய்தி ஓட வேண்டிய இடத்தில், ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. நிலையத்தின் உரிமையாளர்கள் நியாயமற்ற கட்டணம் கேட்பதாகவும், தங்கள் வாடிக்கையாளர்களின் நலனுக்காகவே தாங்கள் போராடுவதாகவும் எங்கள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனம் அதில் சொல்லியிருந்தது. அதற்கு முந்தைய சில நாட்களாக அதே அலைவரிசையின் அடிப்பகுதியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் செயற்கைக்கோள் நிறுவனத்தை அழைத்துக் கண்டியுங்கள் என்பது அதன் சாரம். இருவருமே எங்களுக்காகத்தான் சண்டையிட்டார்கள். மாதம் தவறாமல் பணம் கட்டிய எங்களிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் என் மகன் அந்த ஆண்டுதான் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தான். சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, காலேஜ் ஸ்டேஷன் நகரில் உள்ள கைல் ஃபீல்டு அரங்கில், நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா பல்கலைக்கழக அணியுடன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அந்த அரங்கில் மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காராமல் நின்றுகொண்டே பார்ப்பது மரபு. நிற்கும் கூட்டத்தில் அவன் முகம் ஒரு கணமாவது திரையில் தெரியாதா என்பது என் மனைவியின் நப்பாசை. ஆட்டம் சி.பி.எஸ்.ஸில்தான். அந்த நாட்களில் தென்கிழக்கு மாநாடு எனப்படும் எஸ்.இ.சி. என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பின் முக்கியமான சனிக்கிழமை ஆட்டம் அங்கேதான் வரும். 2024இலிருந்துதான் அது முழுவதும் ஈ.எஸ்.பி.என்., ஏ.பி.சி. அலைவரிசைகளின் பக்கம் போனது.

வியாழக்கிழமை நிறுவனத்தை அழைத்தேன். 50 நிமிடம் இசை கேட்ட பிறகு வந்த பெண்மணி மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆனால் திரையில் நான் ஏற்கெனவே படித்த வாசகங்களையே எனக்குப் படித்துக் காட்டினார். ஒப்பந்தத்தை ரத்து செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். என் 24 மாத ஒப்பந்தத்தில் 14 மாதங்கள் மீதமிருப்பதால், மாதத்துக்கு 20 டாலர் வீதம் 280 டாலர் கட்ட வேண்டும் என்றார். நீங்கள் தருவதாகச் சொன்ன அலைவரிசையைத் தராதபோது நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்றுகூடச் சொல்லிப் பதில் தந்தார். பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அலைவரிசைகள் எந்த நேரத்திலும் மாறலாம், அதனால் சந்தாதாரரின் கடமை மாறாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கையெழுத்திடும் நாளில் அந்தப் பிரிவை யார் படிக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மாறி வந்திருந்த சக ஊழியர் சிரித்தார். மேற்குப் பகுதிப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பேக்-12 மாநாடு 2012இல் சொந்தமாக ஒரு வலையமைப்பைத் தொடங்கியபோது, அதை டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனம் எடுத்துக்கொள்ள ஒப்பந்தமே ஏற்படவில்லை. இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று அவர் ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருந்தாராம். அந்த ஒப்பந்தம் கடைசிவரை நடக்காமலே 2024இல் அந்த வலையமைப்பு மூடப்பட்டது பிற்பாடு நடந்த கதை. என்னுடைய சிக்கல் மூன்று நாள் பழையது என்பதால் எனக்கு அனுதாபம் பெறும் தகுதிகூட இல்லை என்பது அவர் கட்சி.

அவர்தான் ஸ்ட்ரீமிங் வழியைச் சொன்னார். சனிக்கிழமை காலை, மாதம் 4.99 டாலருக்கு இருந்த திட்டத்தில் சேர்ந்துவிட்டு நிம்மதியாகக் கடைகண்ணிக்குப் போய் வந்தேன். ஐந்து மணிக்குத் திறந்து பார்த்தபோதுதான், உள்ளூர் சி.பி.எஸ். நிலையத்தின் நேரலை அந்த மலிவான திட்டத்தில் கிடையாது, இரட்டிப்பு விலையுள்ள மேல் திட்டத்தில்தான் உண்டு என்பது புரிந்தது. மேல் திட்டத்துக்கு மாற முயன்றேன். வங்கி அட்டையைச் சரிபார்க்கும் சுழல்வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை வங்கியே அட்டையை முடக்கிவிட்டது. ஆட்ட நாளன்று எதையும் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். புதன்கிழமை அலைவரிசை போனால் வியாழக்கிழமையே மாற்று வழியைப் பரிசோதித்து முடித்துவிடுங்கள்.

ஆறு மணிக்குக் கடைக்கு ஓடி, காகிதம் போல் தட்டையாக ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டெனா ஒன்றை வாங்கி வந்தேன். அட்டைப்பெட்டியில் 50 மைல் என்று போட்டிருந்தது. ஹூஸ்டன் நிலையங்களின் ஒளிபரப்புக் கோபுரங்கள் ஹூஸ்டன் நகருக்குத் தென்மேற்கே மிசௌரி சிட்டிப் பக்கம் கூட்டமாக நிற்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து சுமார் 25 மைல்தான். எனவே பாதித் தூரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். தேடல் முடிந்தபோது ஸ்பானிய அலைவரிசைகள், வியட்நாமிய அலைவரிசைகள், நகை விற்பவை, பழைய கௌபாய் தொடர்கள் என்று எண்பதுக்கு மேல் வந்திருந்தன. 11 மட்டும் இல்லை.

இதன் காரணம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஆட்டத்தின் முற்பாதியை இழந்திருக்க மாட்டேன். 2009 ஜூனில் அமெரிக்கா முழு டிஜிட்டலுக்கு மாறியபோது பெரும்பாலான நிலையங்கள் அலைநீளம் குறைந்த யு.எச்.எஃப். பட்டைக்குப் போய்விட்டன. ஆனால் சில நிலையங்கள் அலைநீளம் கூடிய பழைய வி.எச்.எஃப். இடத்திலேயே நின்றன அல்லது அங்கே திரும்பின. ஹூஸ்டனில் 8, 11, 13 மூன்றும் அப்படிப்பட்டவை. 11ஆம் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதைப் பிடிக்க முக்கால் மீட்டராவது விரிந்த கைகள் வேண்டும். ஜன்னலில் ஒட்டும் ஓரடித் தகடுகள் யு.எச்.எஃப்.பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே ஆன்டெனா வாங்கும் முன், உங்கள் ஊர் நிலையம் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், அது உண்மையில் எந்த அலைவரிசையில் ஒளிபரப்புகிறது என்று, அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் இணையதளத்தில் உள்ள டிடிவி (டிஜிட்டல் தொலைக்காட்சி) வரைபடத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட மைல் கணக்கை அடியோடு மறந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அன்று ஆட்டம் பார்க்கக் காலேஜ் ஸ்டேஷன் போயிருந்தார். பழைய ஆன்டெனா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். லட்சம் பேர் கூடிய இடத்தில் செல்பேசி எப்படி வேலை செய்யும்? ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்துத்தான் பதில் வந்தது: கராஜ் கதவின் ரகசிய எண், "இரண்டாவது அலமாரி, வர்ண டப்பாக்களுக்குப் பின்னால்" என்ற குறிப்பு, ஒரு வாழ்த்து. டார்ச் வெளிச்சத்தில் தேடி, தூசும் எட்டுக்கால் பூச்சியுமாக ஒரு முயல்காது ஆன்டெனாவை எடுத்து வந்தேன். என் சிறுவயதில் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் நின்ற அதே இரட்டைக் கொம்பு. இரண்டு கொம்புகளையும் அளவுநாடா வைத்துப் பதினைந்து அங்குலம் நீட்டி, வானத்தைப் பார்க்காமல் கிடைமட்டமாகத் தாழ்த்தி, கோபுரங்கள் இருக்கும் தென்கிழக்கு நோக்கி அகலவாக்கில் வைத்து, மறுபடி தேடவிட்டேன். 11 வந்தது. எங்கள் வீட்டுச் செயற்கைக்கோள் படத்தைவிடக் கூர்மையாக வந்தது. அது மேலும் சுருக்கி அனுப்பிய படம், இது நேராகக் கோபுரத்திலிருந்து வருவது.

ஒரே நிபந்தனை, யாரும் அசையக் கூடாது. என் மனைவி சமையலறைப் பக்கம் எழுந்து போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "என்னங்க, நான் இங்கேயே நிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நான்காவது கால் பகுதி முழுவதையும் அவர் சோஃபாவுக்கும் சுவருக்கும் இடையே நின்றபடியே பார்த்தார். முற்பாதியில் ஏ அண்ட் எம் 24–10 என்று முன்னிலையில் இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது அலபாமா துரத்திப் பிடித்து 38–31 என்று தாண்டிய பகுதி. மூன்று நிமிடம் மீதமிருந்தபோது 38–38. கடைசி நொடியில் செத் ஸ்மால் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய் 41–38 ஆனது. நாங்கள் கத்தி அடங்கி அரை நிமிடம் கழிந்த பிறகுதான் எதிர் வீட்டில் கத்தல் கேட்டது. அவர்கள் ஸ்ட்ரீமிங்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று நாள் அலைச்சலுக்கு அதைவிட நல்ல கூலி எனக்குக் கிடைக்கவில்லை. மாணவர் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ஓடியதில் எது என் மகன் என்று யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

திங்கட்கிழமையிலிருந்து கணக்குத் தீர்க்கும் வேலை. இந்த முறை தொலைபேசிப் பட்டியலில் "சேவையை ரத்து செய்ய" என்ற எண்ணை அழுத்தினேன். நான்கு நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார். ரத்து செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் அதையே அழுத்துங்கள், ஏனெனில் சலுகை தரும் அதிகாரம் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு மாதம் 10 டாலர் கழிவு கிடைத்தது. கேட்டவர்களுக்கு மட்டும் அது உண்டு; கேட்காத என் நண்பருக்கு ஒரு காசும் இல்லை.

எஃப்.சி.சி.யிலும் இணையவழிப் புகார் கொடுத்தேன். கட்டணம் கிடையாது, கால் மணி நேர வேலை. ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். 1992ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, நிலையத்தின் ஒப்புதல் இல்லாமல் அதன் நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்ய முடியாது. அந்த ஒப்புதலுக்கு என்ன விலை என்பது இரு நிறுவனங்களின் பேரம். நல்லெண்ணத்தோடு பேசுகிறார்களா என்று மட்டுமே ஆணையம் பார்க்கும். அலைவரிசையைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடாது. ஆனாலும் புகார் வீண் போகவில்லை. நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். 26ஆம் நாள் வந்த கடிதத்தில் பழைய வாசகங்களே இருந்தன. ஆனால் கீழே ஒரு மனிதரின் நேரடித் தொலைபேசி எண் இருந்தது. அவரிடம் பேசி, உள்ளூர் அலைவரிசைத் தொகுப்பையே வேண்டாம் என்று சொல்லி, அதற்கான தொகையை அக்டோபர் 6 முதல் கணக்கிட்டுக் கழிக்க வைத்தேன்.

இதற்கிடையே முயல்காதோடு குடித்தனம் நடத்த முடியாது என்று, வி.எச்.எஃப்.புக்கான நீண்ட கைகள் உள்ள ஆன்டெனா ஒன்றை வாங்கிக் கூரை முகட்டின் ஓரத்தில் பொருத்தினேன். அதிலும் ஒரு தவறு செய்தேன். செயற்கைக்கோள் டிஷ்ஷுக்குப் போகும் அதே கேபிளில் ஒரு பிரிப்பானை வைத்து இதையும் சேர்க்கப் பார்த்து, இரண்டையும் கெடுத்துக்கொண்டேன். தனிக் கேபிள் இழுங்கள், மின்னலுக்காக நிலத்தோடு இணையுங்கள். கோபுரம் இவ்வளவு அருகில் இருப்பவர்கள் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டாம். சிக்னல் மிகையாகி, வந்துகொண்டிருந்த அலைவரிசைகளும் போகக்கூடும்.

இரண்டு வாரத்தில் எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமான எச்.ஓ.ஏ.விடமிருந்து கடிதம்: முன் அனுமதி பெறாத ஆன்டெனாவை அகற்றாவிட்டால் 100 டாலர் அபராதம். பயந்துபோய் ஏணியை எடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃப்.சி.சி. 1996இல் கொண்டுவந்த ஒரு விதி இருக்கிறது: கூட்டாட்சி விதித்தொகுப்பில் 47 சி.எஃப்.ஆர். 1.4000. உள்ளூர் ஒளிபரப்பைப் பிடிக்கும் ஆன்டெனாவையும், ஒரு மீட்டர்வரை அகலமுள்ள டிஷ்ஷையும், வீட்டுக்காரர் தன் முழு உபயோகத்தில் உள்ள இடத்தில் வைப்பதை இத்தகைய சங்கங்கள் தடுக்க முடியாது. பாதுகாப்புக் காரணம், வரலாற்றுச் சின்னம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அடுக்ககத்தில் இருப்பவர்கள் தங்கள் பால்கனியில் வைக்கலாம், பொதுக் கூரைக்கு இந்த உரிமை பொருந்தாது. விதி எண்ணைக் குறிப்பிட்டு ஆறு வரியில் பதில் எழுதினேன். அபராதம் ரத்தானதாக ஒரு வரியில் பதில் வந்தது, வருத்தம் தெரிவிக்கவில்லை.

அலைவரிசை திரும்பியது 2022 பிப்ரவரியில். கல்லூரி ஆட்டப் பருவம் முழுவதும் முடிந்திருந்தது. "நல்ல செய்தி" என்ற தலைப்பில் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் ஒப்பந்தம் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். டிசம்பரில் ரத்து செய்து, பெட்டியையும் ரிமோட்டையும் அவர்கள் அனுப்பிய அட்டைப்பெட்டியில் போட்டு அஞ்சலில் சேர்த்தேன். வாங்கிய ரசீதை அங்கேயே நின்று படமெடுத்துக்கொண்டேன். பிப்ரவரியில், கருவி திரும்பி வரவில்லை என்று ஒரு பில் வந்தபோது அந்தப் படத்தை அனுப்பினேன். மூன்றாம் நாள் பாக்கி பூஜ்யமானது.