ஏழரை

"ஏழரை வந்துவிட்டது. இன்றைக்கு ரீடிங் எடுத்த மாதிரிதான்."

மின் இயந்திர ஆய்வக வாசலில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் சொன்னான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். யாருக்கோ சனி பிடித்திருக்கிறது போலும் என்று நானும் லேசாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அது சோதிடமே இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டம் கொண்டுவந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்த ஏழரையைத்தான் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பட்டப்பெயராக்கி வைத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியவே ஒரு பருவம் ஆகிவிட்டது.

அன்று நடந்தது மூன்று முனை தூண்டல் மோட்டார் சோதனை. கடைசியில் வாய்மொழித் தேர்வு. சிரிப்புக்கு ஆளான அந்தப் பையனிடம், ஸ்லிப் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுந்து நின்று தரையைப் பார்த்தான். ஐந்துக்குப் பூச்சியம் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவன் விரல்களைக் கவனித்தேன். நகக் கண்களில் பழுப்பாக வார்னிஷ் ஏறியிருந்தது.

"அப்பா என்ன வேலை செய்கிறார் தம்பி?"

"மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் மேடம்."

தமிழிலேயே தொடர்ந்தேன். "இந்த மோட்டாரின் தகட்டில் 1440 என்று அடித்திருக்கிறதே, ஏன் 1500 என்று இல்லை?"

"1500 சுற்றுவது காந்தப்புலம் மேடம். ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டே ஓடும். எட்டிப் பிடித்துவிட்டால் அப்புறம் இழுவை இருக்காது. அந்த அறுபது சுற்று பின்தங்கினால்தான் மோட்டார் ஓடும்."

அந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். நான்கு துருவம், ஐம்பது ஹெர்ட்ஸ், நான்கு சதவீத ஸ்லிப். இதைவிடச் சுருக்கமாக நான் வகுப்பில் சொன்னதில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் எங்கள் துறைக்கு வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். பதிலையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அங்கே அவனுடைய ரோட்டார் எதைத் துரத்தும்?

இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துறைத்தலைவரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. "தாராளமாகச் செய்யுங்கள், நாக் கோப்புக்கும் ஆயிற்று" என்றார். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் அமைப்பு, மெதுவாகக் கற்போர், விரைந்து கற்போர் என்று இனம் கண்டு இரு சாராருக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்கும். ஆக, என் முதல் முயற்சி ஒரு பட்டியலோடு பிறந்தது. இருபத்து மூன்று பெயர். மேலே கொட்டை எழுத்தில் 'ஸ்லோ லேர்னர்ஸ்'. மாலை நான்கு இருபதுக்குச் சிறப்பு வகுப்பு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஆம், நானேதான் ஒட்டினேன்.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் நானும் மின்விசிறியும்.

கல்லூரிப் பேருந்து கிளம்புவதும் நான்கு இருபதுக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அதை விட்டால் நெடுஞ்சாலைவரை நடந்து, டவுன் பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேர எட்டு மணியாகும். பேருந்தாவது சாக்கு. பெண் பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள்: "அந்த அறைக்குள் போவதை எல்லாரும் பார்க்கிறார்கள் மேடம்." பலகையில் போய்ப் பார்த்தால், என் பட்டியலின் தலைப்பை யாரோ அடித்துவிட்டுப் பக்கத்தில் 7½ என்று எழுதியிருந்தார்கள்.

கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முயற்சியில் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டேன். யாரையும் தனியாகப் பிரிக்கக் கூடாது, யாரையும் நான்கு இருபதுக்கு மேல் நிறுத்தவும் கூடாது. அப்படியென்றால் கால அட்டவணைக்குள் ஒரு மணி நேரம் வேண்டும். கல்லூரியில் பணத்தைக்கூடக் கேட்டு வாங்கிவிடலாம், பீரியட் கேட்டால் ரத்த உறவே முறியும். வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வாரம் நான்கு மணி நேரம் இருந்தது. அதில் ஒன்றை, புதன்கிழமை ஆறாவது பீரியடை, வாங்குவதற்குள் ஏழு வாரம் போயிற்று. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் இன்றும் என்னைப் பார்த்தால் செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

புதன்கிழமை அறுபது பேரும் இருப்பார்கள். ஐந்து ஐந்து பேராகக் குழு. குழுவைப் பிரித்தது நான். பிரித்த கணக்கு என் தலைக்குள் மட்டும். ஒவ்வொரு குழுவிலும் ஆங்கிலம் சரளமாக வருபவர் ஒருவர், கையில் கருவி பிடித்துப் பழகியவர் ஒருவர். பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம், முடிவில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். மின்தேக்கி, மின்தூண்டி, திறன் காரணி என்று பிளஸ் டூவில் படித்த சொற்களுக்கு நேரே கல்லூரிச் சொற்களை எழுதிச் சுவரில் ஒரு சார்ட் தொங்கவிட்டோம். அது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்துத்தான் செய்தேன். ஆங்கிலவழியில் வந்த சிலர் அதன் முன் நின்று, "ஓ, திறன் காரணி என்றால் இதுதானா" என்று தமிழ் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை இணைக்கச் சொன்ன புதன்கிழமை மறக்காது. வாசலில் 'ஏழரை' என்று சொன்னவனும் காயில் கடைப் பையனும் ஒரே குழு. தற்செயல் இல்லை, நான் போட்டதுதான். முன்னவன் படத்தைப் பிசகில்லாமல் வரைந்துவிட்டான், ஆனால் ஒயரின் நுனியைச் சீவத் தெரியவில்லை. செம்புக் கம்பியையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தான். இவன் கட்டரை வாங்கி, ஒரு சுழற்று, ஓர் இழுப்பு; உறை மட்டும் தனியாகக் கழன்று வந்தது. "மெதுவாகப் பிடி, அழுத்தாதே" என்று சொல்லிக் கட்டரை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். அதன்பின் அந்த வகுப்பில் நான் அந்தப் பட்டப்பெயரைக் கேட்கவில்லை. பக்கத்துத் துறை வராந்தாவில் கேட்டேன். கட்டர் அங்கே எட்டவில்லை.

பட்டியல் என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட ஆரம்பித்தது. ஆண்டுதோறும் நடப்பதுதான்: பாடம் நடக்கும்போது அலுவலக ஊழியர் ஒரு தாளோடு வருவார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப், இந்த நம்பரெல்லாம் எழுந்து ஆபீசுக்கு வாருங்கள்" என்று சத்தமாகப் படிப்பார். எட்டுப் பேர் எழுவார்கள். மீதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் நான் சாக்பீஸோடு ஓரமாக ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டிருக்கிறேன். வகுப்பில் மாணவர்களின் சாதியை அறிவிப்பதும் பாகுபாடுதான் என்று பல்கலைக்கழக மானியக்குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள் சொல்கின்றன. அதை அச்செடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். அவர் இரண்டு முறை படித்தார். "இருபது வருடமாக இப்படித்தானே" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். தீர்வு என்னவோ செலவில்லாதது. உரியவருடைய செல்பேசிக்குக் குறுஞ்செய்தி, அவ்வளவுதான். அதற்கு ஐந்து வாரமும் மூன்று சுற்றறிக்கையும் ஆயிற்று.

விடுதி விஷயத்தில் பாதிதான் வென்றேன். திட்டப்பணி ஆய்வகம் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்குச் சாத்தப்படும். அதனால் திட்டப்பணிக் குழுவில் எந்தப் பெண்ணும் வன்பொருள் பக்கம் வருவதில்லை. அறிக்கை தட்டச்சு செய்வதும் படவிளக்கம் தயாரிப்பதும் அவர்கள் தலையில். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதியில் மட்டும் பாரபட்ச விதி போடக்கூடாது என்று மானியக்குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. காப்பாளர் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "விதி சரிதான் மேடம். ஆய்வகத்திலிருந்து விடுதிவரை விளக்கே இல்லையே, ஏதாவது ஆகிவிட்டால் பெற்றோருக்கு விதியையா காட்டுவது?" என்றார். அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. நான்கு விளக்குக் கம்பம் நட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எட்டரைவரை அனுமதி, அதுவும் பெற்றோர் கையெழுத்தோடு. பையன்களுக்குக் கையெழுத்து இல்லை. இந்த ஆண்டும் மனு கொடுத்திருக்கிறேன்.

காயில் கடைப் பையனுக்கு இரண்டு அரியர் விழுந்தது. ஒன்றை எழுதி முடித்துவிட்டான், கணிதம் பாக்கி. புதன்கிழமை வகுப்பு இப்போது மூன்று துறைகளில் நடக்கிறது. ஒரு துறையில் அதை மறுபடி வேலைவாய்ப்புத் தேர்வுக்கான ஆப்டிட்யூட் வகுப்பாக்கிவிட்டார்கள்.

போன வாரம் புதிய மாணவர் பட்டியல் வாங்க அலுவலகம் போனேன். பெயர், பதிவெண், செல்பேசி, கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் 7.5.

"வருகைப்பதிவேட்டுக்கு இந்தக் கட்டம் எதற்கு?"

"கட்டணக் கணக்குக்கு வேண்டுமே மேடம்."

"கணக்குப் பிரிவில் இருக்கட்டும். வகுப்புக்கு எதற்கு?"

பழைய ஸ்காலர்ஷிப் தாளோடு வருவாரே, அதே ஊழியர்தான். சற்று நேரம் தாளைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த ஸ்கேலை வைத்து அழுத்தி, அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் நீளவாக்கில் நேராகக் கிழித்தெடுத்தார். மீதியை என்னிடம் நீட்டினார். கிழித்த துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.