ஹனிஃபாருவில் ஆனைத் திருக்கை

17 ஆகஸ்ட் 2024, சனி

மாலேயிலிருந்து சின்ன விமானத்தில் தரவந்தூ வந்து இறங்கினேன். மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு சிறு தீவு. வந்ததிலிருந்து மழை. தென்மேற்குப் பருவக்காற்று ஓயவில்லை, எனக்கு வேண்டியதும் அதுதான். இந்தக் காற்றோடு வரும் நீரோட்டம் தீவுகளின் மேல் மோதும்போது, ஆழத்துச் சத்து மேலேறி மிதவை உயிரிகள் பெருகுகின்றன. கடல் ஏற்றம் வரும்போது அவை பவளத்திட்டைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் ஹனிஃபாரு வளைகுடாவுக்குள் வந்து சிக்கிக்கொள்ளும். அதைத் தின்னத்தான் மாண்டா திருக்கைகள் வருகின்றன. "திங்கள்கிழமை முழுநிலவு, ஏற்றம் பெரிதாக இருக்கும், அதுவரை பொறுங்கள்" என்றார் படகுக்காரர்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

வளைகுடா காலி. வெளியே ஒரு பவளத்திட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரே ஒரு மாண்டா, அசையாதது போல மிதந்துகொண்டிருந்தது. விரல் நீளச் சின்ன மீன்கள் அதன் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றன. அது பொறுமையாக நின்று கொடுத்தது.

எங்கள் தூத்துக்குடியில் இந்த இனத்தைக் கொம்பன் திருக்கை, ஆனைத் திருக்கை என்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போனபோது பார்த்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. செவுளை மட்டும் தனியாக அறுத்து வைத்திருந்தார்கள். எதற்கென்று அப்போது தெரியாது. சீனாவில் மருந்தென்று விற்க, காயவைத்து அனுப்புவதற்காம்.

19 ஆகஸ்ட், திங்கள்

பார்த்துவிட்டேன்!

இங்கே காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா கூடாது. மூச்சுக் குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்கெல் மட்டும்தான், அதுவும் 45 நிமிடம். முதலில் ஏழெட்டு வந்தன, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். தலையின் இரு பக்கமும் சுருண்டிருக்கும் மடல்களைத் தின்னும்போது விரிக்கின்றன. நாம் கொம்பு என்று சொல்வது அதைத்தான். வாயைத் திறந்தபடி ஒன்றன் பின் ஒன்றாக வந்தவை, சற்று நேரத்தில் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அந்தச் சுழலில் உணவு நடுவில் சேர்கிறது. என் முகத்துக்கு நேராக வந்த ஒன்று கடைசி நொடியில் வயிற்றைக் காட்டிப் புரண்டு கீழே போயிற்று. வாலில் முள் கிடையாது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

செவுள் சல்லடை மாதிரி வடிக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இடுக்குகள் உணவைவிடப் பெரியவை. நீர் செவுள் இதழ்களில் பட்டுச் சுழன்று வெளியேற, உணவுத் துகள் மட்டும் தெறித்துத் தொண்டைப் பக்கம் போகிறது. அதனால் அடைத்துக்கொள்வதே இல்லை. 2018-இல் வந்த ஆய்வு இதை விளக்கியது. ஊரில் அறுத்து வைத்திருந்ததும் இதே இதழ்கள்தான்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்க்க முடிந்தது. நேற்று எடுத்த படங்களை வழிகாட்டித் தம்பியிடம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் வயிற்றுப் புள்ளிகள் தனி, நம் கைரேகை போல. அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். இங்கே வருபவை பவளத்திட்டு மாண்டாக்கள். ஆழ்கடலில் திரிவது இதைவிடப் பெரியது, 7 மீட்டர் அகலம் வரை போகும். இரண்டும் வேறு இனங்கள் என்று பிரித்ததே 2009-இல்தான்.

ஒரு படத்தில் தம்பி விரலை வைத்து நிறுத்தினான். முதுகு மேடிட்டிருந்தது. "சூலி" என்று புரிந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குப் பல வருடங்கள்கூட ஆகலாம். மாலத்தீவில் திருக்கை பிடிக்கத் தடை இருக்கிறது. ஆனால் எல்லைக் கோடு இதற்குத் தெரியாதே. ஏலத்தில் கிடந்த அந்த ஒன்று ஆணா பெண்ணா என்று அன்று பார்க்கத் தோன்றவில்லை.

21 ஆகஸ்ட், புதன்

காலையிலேயே விமானம். புறப்படும் முன் அந்தச் சூலியின் படத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.